மாப்பிள்ளைக் குழாய்

அன்று காலை அரசு வேதியியல் ஆய்வகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்: நாட்டின் தலைவர், ஓய்வுபெற்ற நர்ஸான அவருடைய அக்கா, சட்ட அமைச்சர், தலைவரின் செயலாளர், ஆய்வகத்தின் இயக்குநர், சோதனை செய்து காட்ட நிறுத்தப்பட்டு, கையுறை மாட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற பெண் ஆய்வாளர், ஓயாமல் தும்மிக்கொண்டிருந்த ஒருவர் உட்படப் பத்திரிகைக்காரர்கள் நால்வர், மெய்க்காப்பாளர்கள் இருவர். மூலையில் ஒரு பழுப்புக் கண்ணாடி ஜாடி, முக்கால்வாசி அமிலத்தோடு. அதை ஆள் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

வர முடியாதவர் ஒருவர் உண்டு. ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல்காரராக இருந்தவர். அவர் அந்த நேரம் சிறையில், தூக்குத் தண்டனைக் கைதிகளின் அறை ஒன்றில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கருணை மனுவைத் தள்ளுபடி செய்யும் தாளில் போட வேண்டியவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. அதைப் போட வேண்டிய கை ஆய்வகத்தில், இன்னொரு கையோடு சேர்ந்து, முதுகுக்குப் பின்னால் கட்டியபடி இருந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பழைய சகாக்கள் தராசம்மா என்பார்கள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். காய்கறி வாங்கப் போனாலும் முதலில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடையைச் சாத்திய வியாபாரிகள் உண்டு. நாட்டின் தலைவரான பிறகு கடைக்குப் போக விடவில்லை. வியாபாரிகளுக்கு அது நல்ல காலம்.

அவருடைய அப்பா சலவைக் கடை வைத்திருந்தார். முன்கோபி. ஒருநாள் வெள்ளைச் சட்டையில் நீல மைக்கறையோடு ஒருவர் வந்து சண்டை போட்டார். அப்பா வசவை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். "உன் பேனா ஒழுகினதுக்கு என் தலையை ஏன்யா உருட்டுற?" மறுநாள் இன்னொருவர் வந்தார். அதற்கு மறுநாள் இரண்டு பேர். ஊரில் எல்லாருடைய பேனாவும் ஒரே வாரத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது என்று அப்பா முடிவுகட்டினார். சின்ன மகள்தான், "எல்லாச் சட்டையிலயும் கறை ஒரே இடத்துல இருக்கேப்பா" என்றாள். முதலில் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு அப்பா குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார். மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி அடுக்குவது அவர் வழக்கம். ஒழுகியது அவர் பேனா. மகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொள்ள ஆரம்பித்தார். காது நீலமானது.

அறை வாங்கிய அந்தக் கன்னம் இப்போது தபால்தலையில் இருக்கிறது.

அவர் படித்தது வேதியியல். வாழ்க்கையில் பாதியைக் குடிதண்ணீரில் கலந்திருக்கும் விஷங்களைத் தேடுவதில் கழித்தார். தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும் ஒரு தாளை உருவாக்கினார். படிக்காதவர்கள்கூட வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். அந்தத் தாள் போகாத வீடு இல்லை என்று ஆனபோது, அதன் உறையில் அச்சடித்திருந்த அவர் முகமும் போகாத வீடு இல்லை என்று ஆனது. கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை என்று சொல்லித் திரிந்தார். நேரமில்லாமல் இல்லை, பொறுமை இல்லை என்பாள் அக்கா.

அவருடைய ஆய்வகத்தில் ஒரு கறாரான பழக்கம் இருந்தது. பத்து மாதிரிகளைச் சோதித்தால் பதினோராவதாக ஒரு குழாய் வைத்தாக வேண்டும். அதில் சோதிக்க வேண்டிய பொருள் எதுவும் இருக்காது. சுத்தமான தண்ணீர்தான். மற்ற குழாய்களுக்கு ஊற்றும் அமிலத்தை அதற்கும் ஊற்ற வேண்டும், அவற்றுக்குக் காட்டும் சூட்டை அதற்கும் காட்ட வேண்டும். கடைசியில் அதில் நிறம் தெரியக்கூடாது. தெரிந்தால் குற்றம் உன் சாமான்களில் இருக்கிறது, மற்ற பத்தின் முடிவையும் தூக்கிக் குப்பையில் போடு. பாடப்புத்தகம் அதை வெறுங்குழாய் என்கிறது. தராசம்மாவின் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. "ஒரு வேலையும் செய்யாது. ஆனா எல்லா மரியாதையும் அதுக்கும் நடக்கணும். அது முகம் மாறிச்சுன்னா வீடு ரெண்டுபட்டுச்சுன்னு அர்த்தம்" என்று கல்யாணமாகாத உதவியாளர் ஒருவர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு அவருக்கும் கல்யாணமானது. பெயரை மாற்றலாமே என்று கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவர் நாட்டின் தலைவரானது யாருடைய ஆசையாலும் அல்ல. இரண்டு பெரிய கட்சிகளும் ஒருவர் நிறுத்திய ஆளை மற்றவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக, எதிரி இல்லாத, அதிகம் பேசாத, எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஒரு முகம் தேவைப்பட்டது. "அந்தம்மா போதும், கையெழுத்து அழகா இருக்கும்" என்றாராம் ஒரு கட்சித் தலைவர். இன்னொருவர், "தலையாட்டுறதுக்குத் தலை ஒண்ணு இருந்தா சரி" என்றாராம். இரண்டும் தராசம்மாவின் காதுக்கு வந்தன. அவர் மறுக்கவில்லை. மாளிகை எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆசை கொஞ்சம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

மாளிகை பெரிதாக இருந்தது. கதவைத் திறக்க ஓர் ஆள், சாத்த ஓர் ஆள். முப்பது வருஷம் தன் ஆய்வகத்தைத் தானே பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தவருக்கு இது பழகவில்லை. தூங்கும் அறைக்குக்கூடச் சாவி தரமாட்டோம் என்றார்கள். பாதுகாப்பு விதியாம்.

கூட வந்த ஒரே சொந்தம் அக்கா. மாளிகையின் மெத்தை முதுகுக்கு ஆகவில்லை என்று தரையில் படுத்தாள். வந்த முதல் வாரமே விசாரித்துவிட்டாள்.

"ஏண்டி, இங்க உனக்கு என்னதான் வேலை?"

"கையெழுத்துப் போடறது."

"போடமாட்டேன்னு சொன்னா?"

"ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் வந்துச்சுன்னா போட்டே ஆகணும்."

"பேசறது?"

"எழுதிக் குடுப்பாங்க. படிக்கணும்."

அக்கா யோசித்தாள். "அப்ப இந்த வீட்டுக்கு நீதான் மாப்பிள்ளை. உன் ஆபீஸ்ல ஒரு குழாய் வச்சிருப்பியே, அது மாதிரி."

தராசம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி முறைக்கிற" என்று அக்கா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

சமையல்காரரின் கோப்பு வந்தது குளிர்காலத்தில். விஷயம் இதுதான். தொழிற்சாலை கேண்டீனில் மதியம் சாப்பிட்ட மூன்று தொழிலாளர்கள் அன்று மாலைக்குள் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய நாள்தான் சமையல்காரரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அரசு ஆய்வகம் கேண்டீன் சாமான்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. கோபத்தில் கலந்துவிட்டான் என்று வழக்கு. மூன்று நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டன. கருணை மனுவை மனைவி எழுதியிருந்தார். அதில் ஓர் இடத்தில் இப்படி இருந்தது: அவர் உப்பைக்கூடக் கிள்ளித்தான் போடுவார், சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்பதற்காகத்தான் வேலையை விட்டே நிறுத்தப் பார்த்தார்கள், எதையும் அள்ளிப் போடுகிற கை அவருக்கு இல்லை.

செயலாளர் கோப்பை மேஜையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் திறந்தும் வைத்திருந்தார். மூன்று தலைவர்களுக்கு வேலை பார்த்தவர். எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் கைதேர்ந்தவர்.

தராசம்மா முதல் பக்கத்துக்குப் புரட்டினார். ஆய்வக அறிக்கை வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"மிச்சச் சாப்பாடு, தண்ணி, பாத்திரம், கரண்டி, இவரோட மேல்துணி, அலமாரியில பிரிக்காம இருந்த சர்க்கரைப் பாக்கெட். எல்லாத்துலயும் விஷம். எல்லாத்துலயும் ஒரே அளவு."

"ஆமா மேடம். ரொம்ப உறுதியான சாட்சியம்னு கோர்ட்டே சொல்லியிருக்கு."

"பிரிக்காத பாக்கெட்டுக்குள்ள எப்படிப் போனாரு?"

செயலாளர் கையெழுத்துப் பக்கத்தை மறுபடியும் திறந்து வைத்தார். பதில் சொல்வது அவர் வேலை இல்லை.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் தராசம்மா.

"யார் மேடம்?"

அவர் விளக்கினார். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். அறிக்கையைக் கடைசிவரை புரட்டினார். வெறுங்குழாய் என்ற சொல்லே எங்கும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் போடுகிறவனைச் சாட்சியாக வைத்து மூன்று நீதிமன்றங்கள் நடந்திருக்கின்றன. எல்லாச் சட்டையிலும் கறை ஒரே இடத்தில்.

அவர் கோப்பைத் திருப்பி அனுப்பினார், ஒரே கேள்வியோடு. அமைச்சரவை பதில் எழுதியது: ஆய்வகத்தின் தற்போதைய நடைமுறையில் அப்படியொரு குழாய் வைக்கப்படுவதில்லை. விசாரித்ததில் தெரிந்தது, இப்போதைய இயக்குநர் பொறுப்பேற்றதும் செய்த முதல் சீர்திருத்தமே அதுதான். வருஷக்கணக்காக அந்தக் குழாயில் ஒன்றுமே வந்ததில்லை. ஒன்றும் வராத குழாய்க்கு எதற்கு அமிலமும் ஆள் நேரமும் என்று நிறுத்திவிட்டார். சிக்கனத்துக்காக அவருக்கு அரசு விருது கொடுத்திருந்தது. திருடன் வந்ததே இல்லை என்று பூட்டை விற்ற கதை.

சட்ட அமைச்சர் கோப்போடு நேரிலேயே வந்தார். மோசமான மனிதர் அல்ல. எப்போதும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். மேடைப் பேச்சால் தொண்டை கெட்டுப்போயிருந்தது.

"மேடம், மூணு கோர்ட் பார்த்தாச்சு."

"மூணு கோர்ட்டும் ஒரே தாளைத்தான் பார்த்திருக்கு."

"செத்துப்போனவங்க குடும்பம் தெருவுல உட்கார்ந்திருக்கு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சரியான பதில் சொல்லுங்க. அது எனக்கும் இன்னும் தெரியாது."

"ரெண்டாவது தடவை வந்தா நீங்க போட்டே ஆகணும். சட்டம். நான் சட்ட அமைச்சர், மேடம், நானா எழுதின சட்டம் இல்ல." பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தார். "திங்கட்கிழமைக்குள்ள போட்டுருங்க. உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. எங்க வீட்டுத் தண்ணியக்கூட உங்க தாள்ல சோதிச்சுட்டுத்தான் குடிக்கிறோம்."

அன்று சாப்பாட்டு மேஜையில் அக்காதான் பேச்சை ஆரம்பித்தாள். "ராஜினாமா பண்ணிடேன். உன் ரத்தக் கொதிப்புக்கும் நல்லது."

"நான் போனா அடுத்த ஆள் காலையில காபிக்கு முன்னாடி போட்டுருவான்."

"உன் கை சுத்தமா இருக்குமில்ல."

"என் கையைப் பத்தி யாருக்கு என்ன. அந்தாளு கழுத்தைப் பத்திப் பேசு."

ராஜினாமா செய்வது அவருக்கு அருவருப்பாக இருந்தது. சோதனை நடுவில் இருக்கும்போது மேலங்கியைக் கழற்றிவிட்டுப் போகிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். நியாயஸ்தர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டுதான் போவார்கள். கண்ணாடி உடைவது அவர்கள் போன பிறகு.

மறுநாள் செயலாளரைக் கூப்பிட்டார். "சட்டப்படி, யாரையும் கேக்காம நானா செய்யக்கூடியது என்னென்ன இருக்கு?"

செயலாளர் விரல்விட்டுச் சொன்னார். கொடியேற்றலாம். விருந்து வைக்கலாம். இரங்கல் தெரிவிக்கலாம். எந்த அரசு அலுவலகத்தையும் போய்ப் பார்வையிடலாம்.

"பார்வையிடறதுன்னா?"

"வேடிக்கை பார்க்கிறது மேடம். அதுக்குத் தடை இல்ல. கூட ஒரு அமைச்சர் வந்தாகணும், பத்திரிகைக்காரங்க வரலாம். மாலை போடுவாங்க, சுத்திக் காட்டுவாங்க." கொஞ்சம் தயங்கினார். இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் கேட்காததற்குப் பதில் சொன்னதில்லை. "அவங்க எதையாவது செஞ்சு காட்டினாங்கன்னா நீங்க பார்க்கலாம். நீங்க செய்யச் சொல்லக்கூடாது. ஆனா விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்டா இல்லன்னு சொல்ற வழக்கம் இல்ல."

தராசம்மா அவரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "நீங்க இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

"பக்கத்து அறையிலதான் மேடம்."

இப்படித்தான் அந்தக் காலையில் அத்தனை பேரும் ஆய்வகத்தின் மாடி அறையில் கூடினார்கள்.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. வேதியியலில் பெயர் பெற்ற ஒருவர், அதுவும் நாட்டின் தலைவர், தன் ஆய்வகத்துக்கு வருவது இதுவே முதல் முறை. வரவேற்புரையில் நாட்டையே உலுக்கிய கேண்டீன் வழக்கைத் துப்புத் துலக்கிய ஆய்வகம் இது என்று இரண்டு முறை சொன்னார். தலைவர் விரும்பினால் அதே சோதனையை இப்போதே செய்து காட்டுகிறோம், வழக்கின் மாதிரியில் கொஞ்சம் எங்களிடம் இருப்பில் உண்டு, எங்களுக்குப் பெருமை என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. வலையைத் தானே தேடி வந்தது மீன்.

"ரொம்ப விருப்பம்" என்றார் தராசம்மா. "ஒரு சின்ன ஆசை. பக்கத்துல இன்னொரு குழாய் வைங்க. சும்மா தண்ணி ஊத்தி."

இயக்குநரின் சிரிப்பு கொஞ்சம் இறுகியது. "அதுல ஒண்ணும் வராது மேடம்."

"வரக்கூடாது. அதைத்தான் பார்க்கணும்."

"தண்ணியைச் சோதிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் அமைச்சர். நாற்காலி கிடைக்காத எரிச்சல் குரலில் இருந்தது.

"யாரோட தண்ணி மேல உங்களுக்கு முழு நம்பிக்கை?"

"என் பாட்டில் மேலதான். வீட்டுல நிரப்பினது."

"குடுங்க."

அமைச்சர் பாட்டிலைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். கொடுத்தார்.

பெண் ஆய்வாளர் இரண்டு குழாய்களை எடுத்தார். ஒன்றில் வழக்கின் மிச்சச் சாப்பாட்டைக் கரைத்த நீர். மற்றதில் அமைச்சர் வீட்டுத் தண்ணீர். இரண்டிலும் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, மூலையில் இருந்த ஜாடியிலிருந்து அமிலத்தை அளந்து ஊற்றினார். இரண்டும் நுரைத்தன. இரண்டின் வாயிலும் மருந்தில் தோய்த்த வெள்ளைத் தாளை மூடி போல இறுக்கிக் கட்டினார். விஷம் இருந்தால் அது வாயுவாக மேலே வந்து தாளில் கறையாகப் படியும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். இயக்குநர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார்.

காத்திருக்கும்போதுதான் தராசம்மாவுக்குப் பயம் வந்தது. தாள் வெள்ளையாகவே இருந்துவிட்டால்? ஜாடியை நேற்று மாற்றியிருந்தால்? சமையல்காரர் உண்மையிலேயே கலந்திருந்தால்? அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டியதுதான். சோதனை வைத்தவர் முடிவை ஏற்றுக்கொண்டாக வேண்டும். பிடித்த முடிவு வரும்வரை சோதிப்பதற்குப் பெயர் சோதனை இல்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பரீட்சைக்கு முன்னாடி நிக்கிற மாதிரி நிக்கிற."

"வாயை மூடிட்டு இரு."

"தலைவர் பேசற பேச்சா இது" என்றாள் அக்கா, ஆனால் நகரவில்லை.

தும்மல்காரர்தான் முதலில் கவனித்தார். "அது மஞ்சளா ஆகுதுங்க."

"ஆகும்" என்றார் இயக்குநர் பெருமையோடு. "கேண்டீன் மாதிரி அது. ஆர்சனிக்."

"ரெண்டும் ஆகுது."

அறையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. இரண்டு தாள்களும் மஞ்சளாகி, மெல்லப் பழுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று முந்தவும் இல்லை, ஒன்று பிந்தவும் இல்லை.

அக்கா யாரையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர்களைக் கேட்காமல் காரியம் செய்து பழகியவள். இரண்டு குழாய்களையும் தாங்கியோடு எடுத்து, முதுகைத் திருப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு அமைச்சர் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்க தம்பி. இதுல எது மூணு பேரைக் கொன்ன சாப்பாடு, எது உங்க வீட்டுத் தண்ணி?"

சாப்பாட்டின் கலங்கலையும் நுரை மறைத்திருந்தது. அமைச்சர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"நான் இதைக் காலையிலேர்ந்து குடிச்சுட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "என் பேத்தி குடிக்குது."

இங்கேதான் இயக்குநர் தப்பித்திருக்கலாம். அமைச்சர் வீட்டுத் தண்ணீரைக் குறை சொல்லியிருந்தால் அன்றைய கூத்து வேறு பக்கம் திரும்பியிருக்கும். அமைச்சரே அதற்கு வழி செய்து கொடுத்துவிட்டார். ஆனால் இயக்குநர் மூலையில் இருந்த ஜாடியைப் பார்த்தார். அதை மலிவு விலைக்கு வாங்கச் சொன்னதும் அவர்தான்.

"உங்க தண்ணியில ஒண்ணும் இல்ல சார்" என்றார். "எங்க அமிலத்துல இருக்கு. நாங்க எதைச் சோதிச்சாலும் இதுதான் வரும். சுவரைச் சுரண்டிப் போட்டாலும் வரும்."

பிறகு அருகில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார், தலைவர் நிற்கும்போதே. செயலாளர் அதைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்தார்.

"அப்ப நான் சாகமாட்டேனே?" என்றார் அமைச்சர்.

"ஒரு நாள் சாவீங்க" என்றாள் அக்கா. "தண்ணியால இல்ல."

சிரிப்பு எங்கிருந்தோ வெடித்தது. மெய்க்காப்பாளர்களில் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெண் ஆய்வாளர் கையுறையோடு வாயைப் பொத்திக்கொள்ளப் போய்க் கடைசி நொடியில் நிறுத்திக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் மாடிப்படியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். தும்மல்காரர் முதலில் போய்ச் சேர்ந்தார்.

தராசம்மா இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷமாக இந்த அழகை அவர் அருகில் பார்க்கவில்லை. கறை கறைதான், பொய் சொல்லாது. யார் வீட்டுக் கறை என்று கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா" என்றார். "நீ அன்னிக்குச் சொன்னது சரி. இந்த வேலை மாப்பிள்ளை வேலைதான்."

"நான் கிண்டலுக்குச் சொன்னேன்டி."

"எனக்குத் தெரியும். ஆனா அந்தக் குழாய் சும்மா இருக்கிறதில்ல. தன்னோடதுன்னு எதையும் போடாம, எல்லாரும் படறதைத் தானும் பட்டு, கடைசியில நிறம் மாறிச்சா இல்லையான்னு காட்டுது. அது இல்லாம மத்த எதையும் நம்ப முடியாது. அரசாங்கத்துல அப்படி ஒரு இடம் காலியா கிடந்தா சிக்கனம்னு எவனாவது எடுத்துருவான்."

"சரி, சரி. மாப்பிள்ளை வந்து தேநீரைக் குடி. ஆறுது."

அடுத்த நாளே அமைச்சரவை தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. அமைச்சரே எழுதி, அமைச்சரே கொண்டுவந்தார். சுத்தமான அமிலத்தில், வெறுங்குழாய் வைத்து, எல்லா மாதிரிகளையும் மறுபடி சோதித்தார்கள். ஒரு தாளிலும் கறை இல்லை. மூவரும் இறந்த காரணத்தை அப்புறம்தான் தேட ஆரம்பித்தார்கள். இறந்த அன்று காலை மூவரையும் தொழிற்சாலையின் மூடிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கிக் கழுவ விட்டிருந்தார்கள். அதற்குள் தேங்கியிருந்த வாயுதான் சில மணி நேரம் கழித்துக் கொன்றது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை. சதி என்று பத்திரிகைகள் எழுதின. சதி செய்யுமளவுக்கு யாருக்கும் சுறுசுறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. கைக்கெட்டியது ஒரு சமையல்காரன், அவ்வளவுதான்.

இயக்குநர் பதவியை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அந்த மலிவு அமிலத்தை வாங்க ஆரம்பித்ததிலிருந்து போன அறிக்கைகள் அத்தனையையும் மறுபடி சோதித்து முடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் திரும்பி வந்தது. விருதை அவரே தபாலில் அனுப்பிவிட்டார்.

சமையல்காரர் விடுதலையான காலையில் தராசம்மா சிறைச்சாலையைப் பார்வையிடப் போவதாக நிகழ்ச்சிக் குறிப்பில் இருந்தது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. வெளிச்சுவருக்கு எதிரே காரை நிறுத்தச் சொல்லி, அக்காவோடு இறங்கி, மற்ற கைதிகளின் சொந்தக்காரர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். அங்கே ஒரு பெண் மடித்த சட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மனுவை எழுதியவர் அவர்தான் என்பது கேட்காமலே தெரிந்தது.

பெரிய கதவில் வெட்டிய சின்னக் கதவு திறந்தது. குனிந்து வெளியே வந்தவர் ஒல்லியாக, தலை நரைத்து, எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். மனைவி, கொண்டுவந்த சட்டையை அவர் மேல் வைத்து அளவு பார்த்தார். பெரிதாக இருந்தது.

"இவங்கதான்" என்றார் பிறகு, தராசம்மாவைக் காட்டி. "நாட்டோட தலைவர்."

சமையல்காரர் கைகூப்பினார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"உள்ள சாப்பாட்டுல உப்பு ஜாஸ்திங்கம்மா. கொஞ்சம் சொல்லி வைங்க."

"சொல்றேன்" என்றார் தராசம்மா. அக்கா பக்கவாட்டில் திரும்பி மூக்கைச் சிந்தினாள். சளி என்று பிற்பாடு சொன்னாள்.

சின்னக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. நாட்டின் தலைவர் எதிரே நிற்கும்போது அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தலாமா என்று தெரியாமல் சிறைக் காவலர் கைப்பிடியைப் பிடித்தபடி விறைத்து நின்றார். சமையல்காரர் இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடி நடக்கப் பார்த்தார். கால் வரவில்லை.

"அம்மா" என்றார். "முதல்ல அதைப் பூட்டச் சொல்லுங்க. சத்தம் கேட்டாத்தான் நடக்க வரும்."

தராசம்மா காவலரைப் பார்த்தார்.

"பூட்டுங்க."

தலைவரான பிறகு அவர் போட்ட உத்தரவுகளில் ஆலோசனையும் கோப்பும் இல்லாமல் உடனே நிறைவேறியது அது ஒன்றுதான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது, பிறகு இன்னொரு சுற்று. காவலர் இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.